பொம்மை எண்டால் வாயில்லாததா?

ஒருத்தரை மட்டம்தட்ட வேண்டுமென்றால் எங்களிடம் ஒரு சொல் எப்பவும் தயாராக இருக்கும்: "அவன் சும்மா ஒரு பொம்மை." பின்னால் வேறு யாரோ நின்று ஆட்டுகிறார்கள், இவனுக்குச் சொந்த வாய் இல்லை என்பது அதன் அர்த்தம். பத்திரிகையில் 'பொம்மை அரசு' என்று எழுதுகிறார்கள், மாணவர் சங்கத் தேர்தல் வந்தால் 'பொம்மைத் தலைவர்' என்று நாங்களே கத்துகிறோம். மியன்மாரின் நூல் பொம்மைகளைப் பற்றிக் கொஞ்சம் வாசித்து, யூடியூப்பில் கிடைத்த ஆட்டங்களையும் இருந்து பார்த்த பிறகுதான் இந்த வசவு எவ்வளவு பிழை எண்டு விளங்கினது. அங்கே ஒரு காலத்தில் நிலைமை தலைகீழ். மனுசன் வாயைப் பொத்திக்கொண்டிருக்க வேண்டிய இடத்தில் பொம்மைதான் கதைத்தது.

இந்தக் கலையைப் பற்றி எழுதப்படுகிற முக்கால்வாசிக் கட்டுரைகள் ஒரே மாதிரித்தான் முடியும். அருமையான கலை, அழிந்துகொண்டு போகிறது, காப்பாற்ற வேண்டும். நாங்களும் முதலில் அப்படித்தான் எழுத நினைத்தோம். ஆனால் எது அழிகிறது என்ற கேள்வியை யாரும் சரியாகக் கேட்கிறதாகத் தெரியவில்லை. பொம்மை அழியவில்லை. மண்டலேயிலும் பகானிலும் யங்கோனிலும் நினைவுப்பொருள் கடைகளில் அவை வரிசையாகத் தொங்குகின்றன. அழிந்தது அதன் குரலும், அந்தக் குரலைக் கேட்டு உள்ளர்த்தம் விளங்கிச் சிரித்த கூட்டமும்தான் என்று நாங்கள் சொல்ல வருகிறோம்.

முதலில் இது என்ன ஆட்டம் என்று பார்ப்போம். பர்மிய மொழியில் இதற்கு 'யோக் தே' என்று பெயர், சின்ன உரு என்று பொருள் கொள்ளலாம். 'யோக்' என்பது பாளியின் 'ரூப' என்ற சொல்லிலிருந்து வந்தது. நாங்கள் ரூபம் என்று சொல்கிற அதே சொல். ஒரு முழுக் குழுவில் இருபத்தெட்டுப் பொம்மைகள் இருக்கவேண்டும் என்பது மரபு. தேரவாத பௌத்தத்தின் அபிதம்மம் சடப்பொருளை 28 ரூபங்களாகப் பிரிக்கிறது. அந்தக் கணக்கோடு இதைச் சேர்த்துச் சொல்வார்கள். தேவர்களின் அரசன் தஜாமின் (எங்கட இந்திரன்தான்), அரசன், இளவரசன், இளவரசி, நான்கு அமைச்சர்கள், முனிவர், பிராமணச் சோதிடர், கிழவன், கிழவி, குதிரை, குரங்கு, வெள்ளை யானை, கறுப்பு யானை, நாகம், கருடன், அரக்கர்கள் என்று ஒரு முழு உலகமே பெட்டிக்குள் கிடக்கும். இவர்களுக்குள் எங்களுக்கு ஆகப் பிடித்தவர் ஸோஜி. சிவப்பு உடுப்புப் போட்டு, கையில் கோல் வைத்துக்கொண்டு, ஆகாயத்தில் பறக்கிற இரசவாதி. அவர் மேடைக்கு வந்தால் கால் நிலத்தில் நிற்காது.

பொம்மைகள் ஏறக்குறைய இரண்டடி உயரம். நல்ல பொம்மைக்கு யமனே மரம் எடுப்பார்கள். அது எங்கட ஊரில் குமிழ மரம் என்று சொல்கிற மரந்தான். ஒரு பொம்மைக்குப் பத்துப் பன்னிரண்டு நூலிலிருந்து இருபது வரைக்கும் இருக்கும், சிலதுக்கு அதற்கு மேலும் போகும். ஒரு பொம்மைக்கு ஒரே ஒரு ஆட்டுநர். இடுப்பளவு திரைக்குப் பின்னால் நின்று, மேலால் குனிந்து கையை நீட்டித்தான் எல்லாம். இளவரசி முழங்காலை மடித்து உட்கார்ந்து கழுத்தை ஒரு பக்கம் சாய்க்கிற இடத்தை நாங்கள் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். நாலாவது தரமும் எந்த நூல் கழுத்துக்குப் போகிறது என்று கண்டுபிடிக்க ஏலவில்லை.

பக்கத்தில் சைங் வைங் என்ற வாத்தியக் குழு. வட்டமான மரச்சட்டத்துக்குள்ளே சுருதி சேர்த்த 21 மேளங்கள், நடுவில் ஒரே ஒரு ஆள் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாசிப்பார். மேளத்தோலில் சோறும் சாம்பலும் குழைத்த பசையை அப்பிச் சுருதி சரிசெய்வார்கள். மிருதங்கக்காரர் ரவை பூசுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதுசாக இருக்காது. கூடவே வட்டமாக அடுக்கிய சேகண்டிகள், நாதஸ்வரம் போலச் சீவாளி வைத்து ஊதுகிற ஹ்னே. பழைய காலத்தில் ஆட்டம் விடிய விடிய நடக்கும். முதலில் நத் தெய்வங்களுக்குப் படையல் ஆட்டம், பிறகு இமயக் காட்டில் மிருகங்களும் அரக்கரும் ஸோஜியும் வருகிற காட்சிகள், அதற்குப் பிறகுதான் அரசவையும் கதையும். கதை பெரும்பாலும் புத்தரின் முற்பிறப்பைச் சொல்கிற ஜாதகங்களிலிருந்து வரும். கோயில் திருவிழாவுக்குப் பாய் கொண்டு போய், இடையில் நித்திரை கொண்டு, பகிடிக் காட்சி வந்தால் எழும்பிப் பார்க்கிற கூட்டம் எங்களுக்குத் தெரியும். அங்கேயும் அப்படியான கூட்டந்தான், பகோடா திருவிழாவில்.

இனித்தான் முக்கியமான சங்கதி. கொன்பவுங் அரச வம்சத்தின் காலத்தில் (1752–1885) நாடகங்களை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். மனிதர் நடிக்கிறது 'அனெய்ன் தபின்', தாழ்ந்த ஆட்டம். அது வெறும் நிலத்தில் நடக்கவேண்டும். பொம்மை ஆடுகிறது 'அமியின் தபின்', உயர்ந்த ஆட்டம். அதற்கு மேடை போடலாம். காரணம் நேரானது. அரசரும் பிக்குகளும் பார்வையாளராக இருக்கிற இடத்தில் அவர்களுடைய தலைக்கு மேலே ஒரு சாதாரண மனுசனின் கால் வரக்கூடாது. பொம்மையின் கால் வரலாம். அதேபோல் புத்தராகப் பிறக்கப்போகிற போதிசத்துவரின் வேடத்தை ஒரு சாதாரண நடிகன் கட்டினால் அவமரியாதை. மரத்தில் செய்த உரு அந்த வேடத்தை ஏற்றால் குற்றமில்லை.

சாதியும் அந்தஸ்தும் உட்காருகிற உயரத்தைத் தீர்மானிக்கிற சமூகத்தில் வளர்ந்த எங்களுக்கு இந்த விதி ஒன்றும் விநோதமாகத் தெரியவில்லை. விநோதம் அதன் விளைவில்தான். மனுசனுக்கு இல்லாத உயரத்தைப் பொம்மைக்குக் கொடுத்தவுடனே மனுசனுக்கு இல்லாத உரிமையும் கொஞ்சம் அதோடு சேர்ந்து போய்விட்டது. ஊரில் நடக்கிற அநியாயத்தை, அதிகாரிகளின் ஊழலை, அரசரின் காதுக்குப் போகவேண்டிய முறைப்பாட்டைப் பொம்மைகளின் வாயால் சொன்னார்கள் என்று பர்மிய நாடக மரபு சொல்கிறது. அது எப்படிச் சாத்தியமானது என்று யோசித்துப் பாருங்கள். நூலைப் பிடிக்கிறவர் ஒருவர். பாடிப் பேசுகிறவர் திரைக்குப் பின்னால் நிற்கிற இன்னொருவர். முகம் மரத்தின் முகம். சொன்னது யார் என்று கேட்டால் யாரைப் பிடிப்பது? அரசனுக்கும் அது வசதிதான். கேட்டும் கேட்காத மாதிரி இருக்கலாம், கோபப்பட்டால் மரக்கட்டையோடு கோபப்பட்ட அரசன் என்று பெயர் வரும்.

இதைச் சொல்லிவிட்டு, பொம்மையாட்டம் ஒரு புரட்சிக் கலை எண்டு நாங்கள் கொடி பிடிக்கப் போவதில்லை. அப்படி எழுதுவது சுகம், ஆனால் பொய். இந்தக் கலையை ஒழுங்குபடுத்தியவராகச் சொல்லப்படுகிற ஊ தோ, சிங்கு மன்னர் காலத்தில் (1776–1782) அரசவையின் கேளிக்கைகளுக்குப் பொறுப்பான அமைச்சர். அதாவது எந்தப் பொம்மை வரலாம், எப்படி வரலாம் என்ற விதிகளெல்லாம் அரண்மனையிலிருந்துதான் வந்தன. மேடையில் ஒரு பக்கம் அரண்மனை, மறுபக்கம் காடு. யார் எந்தப் பக்கத்தால் நுழைய வேண்டும் என்பதற்குக்கூட ஒழுங்கு. மேடை ஆண்களின் மேடை, இளவரசிக்கும் ஆணே குரல் கொடுத்தான். ஆகவே பொம்மைக்குக் கிடைத்தது சுதந்திரம் இல்லை, அனுமதி. அரசன் அளந்து கொடுத்த அனுமதி. இருந்தாலும் அளந்து கொடுத்த அனுமதியைக் கலைஞர்கள் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து நீட்டினார்கள். எங்கட கூத்தில் கட்டியகாரன் செய்கிற வேலையும் இதுதானே. அவனை யாரும் புரட்சிக்காரன் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் அவன் இல்லாத கூத்தை நினைத்துப் பாருங்கள்.

1885இல் பிரித்தானியர் மண்டலேயைப் பிடித்து, கடைசி அரசர் திபோவை இந்தியாவுக்கு நாடுகடத்தினார்கள். அரசன் போனதும் ஆதரவு போனது, அதனால் கலை நலிந்தது என்று வழக்கமாகச் சொல்வார்கள். அது பாதிதான். அரசனோடு சேர்ந்து அந்த உயரமும் போய்விட்டது. தலைக்கு மேலே கால் வரக்கூடாது என்று சொல்ல ஆளில்லை என்றால் மனுசனும் மேடை ஏறலாம். ஏறினான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போ செய்ன் போன்ற நடிகர்கள் மேடை போட்டு ஆடிப் பெரிய நட்சத்திரங்கள் ஆனார்கள். 1920இல் முதல் பர்மியத் திரைப்படம் வந்தது. கூட்டம் அங்கே போனது. அதை ஒரு இழப்பாக மட்டும் நாங்கள் பார்க்கவில்லை. மனுசனுக்கு மேடை கிடைத்தது நல்ல விசயம்.

ஆனால் மேடை கிடைத்த மனுசனுக்குப் பொம்மையின் வாய் கிடைக்கவில்லை. பிரித்தானிய இந்தியாவில் 1876இலேயே அரசுக்கு எதிரான நாடகங்களைத் தடைசெய்யச் சட்டம் இருந்தது; பர்மா 1937 வரைக்கும் அந்த இந்தியாவின் ஒரு பகுதி. அரசனுக்கு மரக்கட்டையோடு கோபப்பட வெட்கமாக இருந்திருக்கலாம். சட்டத்துக்கு வெட்கமில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. பொம்மை முதலில் மனுசனைப் பார்த்து ஆடியது. பிறகு பர்மிய நடனக்காரர்கள் பொம்மையைப் பார்த்து ஆடப் பழகினார்கள். முழங்கையை ஒடித்து, கழுத்தை வெட்டி, யாரோ நூலைத் தளர்த்திவிட்ட மாதிரிச் சட்டென்று தளர்ந்து விழுகிற அசைவுகள் இன்றைக்கும் பர்மிய நடனத்தின் அடையாளம். பொம்மையும் மனுசியும் சோடியாக ஒரே ஆட்டத்தை ஆடுகிற காட்சியும் உண்டு. யார் யாரைப் போல ஆடுகிறார் என்று கொஞ்ச நேரத்தில் குழம்பிவிடும். அசைவு முழுசாக அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அப்போ வாய் எங்கே போனது?

அதைத் தேட வேண்டுமென்றால் பொம்மைகளை விட்டு அதே மண்டலேயின் பகிடிக்காரர்களிடம் போகவேண்டும். மீசைச் சகோதரர்கள் என்று பெயர் எடுத்த பா பா லே, லூ ஸோ, லூ மோ மூவரும் நகைச்சுவையும் நடனமும் கலந்த அனெயின் ஆட்டக்காரர்கள். 1996 ஜனவரியில் ஓங் சான் சூ கியின் வீட்டில் நடந்த சுதந்திரதின நிகழ்ச்சியில் இராணுவத் தளபதிகளைப் பற்றிப் பகிடி விட்டதற்காகப் பா பா லேயும் லூ ஸோவும் ஏழு வருடக் கடூழியச் சிறைக்குப் போனார்கள். 2001இல் வெளியே வந்த பிறகு, உள்ளூர் மக்களுக்கு முன்னால் ஆட அனுமதி இல்லை. வீட்டுக்குள்ளே, வெளிநாட்டு உல்லாசப் பயணிகளுக்கு, ஆங்கிலத்தில் ஆடலாம். அப்படித்தான் பல வருடம் ஆடினார்கள். 2008இல் நர்கிஸ் சூறாவளிக்குப் பிறகு நிவாரண வேலை செய்து, அரசின் அலட்சியத்தை வெளிநாட்டு ஊடகங்களிடம் சொன்ன நகைச்சுவைக் கலைஞர் ஸர்கனாருக்கு மொத்தம் 59 வருடச் சிறை. பிறகு அதை 35 ஆகக் குறைத்து, 2011இல் விடுதலை செய்தார்கள். 2019 புத்தாண்டு காலத்தில் இராணுவச் சீருடை போட்டு நையாண்டிப் பாட்டுப் பாடிய 'மயில் தலைமுறை' என்ற இளைஞர் குழுவுக்கும் சிறை. அவர்களில் கனபேர் எங்கட வயதுக்காரர். அப்போது ஆட்சியில் இருந்தது, அதே ஓங் சான் சூ கியின் கட்சி. வழக்குப் போட்டது இராணுவம், பாவித்தது காலனித்துவ காலத் தண்டனைச் சட்டத்தின் 505ஆம் பிரிவு.

மீசைச் சகோதரர்களுக்குக் கொடுத்த அனுமதியைத் திரும்ப ஒருமுறை பாருங்கள். பகிடி சொல்லலாம். ஆனால் அந்தப் பகிடி யாருடைய வாழ்க்கையைப் பற்றியதோ அவர்கள் கேட்கக்கூடாது. ஒரு கலையைக் கொல்ல இதைவிடச் சுத்தமான வழி இருக்கிறதா? கலைஞன் உயிரோடு இருக்கிறான், மேடை இருக்கிறது, ரிக்கற் விற்கிறது. கூட்டத்தை மட்டும் மாற்றிவிட்டார்கள்.

பொம்மைகளுக்கு இப்படி ஒரு தடை உத்தரவு தேவைப்படவில்லை. சந்தை அந்த வேலையைச் செய்துவிட்டது. இராணுவ அரசுக்குப் பொம்மைகளோடு பகை இல்லை. 1993இலிருந்து அது வருடாவருடம் நடத்திய பாரம்பரியக் கலைப் போட்டிகளில் பொம்மையாட்டத்துக்கும் இடம் கொடுத்தது. சரியான அசைவுக்குப் புள்ளி, சரியான பாட்டுக்குப் பரிசு. தளபதிகள் முன்வரிசையில். மறுபக்கம், உல்லாசப் பயணிகளுக்காக ஒரு மணித்தியால ஆட்டம். விடிய விடியப் போன ஆட்டத்திலிருந்து ஸோஜி பறக்கிறது, குதிரை ஓடுகிறது, இளவரசி ஆடுகிறது என்று கண்ணுக்கு நல்ல துண்டுகளை மட்டும் எடுத்து வைத்தார்கள். பர்மிய மொழி விளங்காத கூட்டத்துக்கு வசனம் எதற்கு? வசனம் போனால் பகிடி போகும், பகிடி போனால் முறைப்பாடும் போகும்.

இந்த இடத்தில் கலைஞர்களைக் குற்றம் சொன்னால் அது அநியாயம். மண்டலே மரியோனெற் அரங்கை 1990இல் தொடங்கியவர்கள் இரண்டு பெண்கள். நூற்றாண்டுக்கு மேலாக ஆண்கள் மட்டும் நின்ற மேடை அது. யங்கோனில் 2006இல் தொடங்கிய ஹ்துவே ஊ மியன்மார் குழு, வீட்டு வரவேற்பறையிலேயே ஆட்டம் போட்டது. உல்லாசப் பயணிகளின் காசு இல்லையென்றால் இன்றைக்குப் பொம்மை செதுக்கத் தெரிந்த கை எத்தனை மிஞ்சியிருக்கும்? "நீங்கள் உங்கட கலையை விற்றுவிட்டீர்கள்" என்று இங்கே பல்கலைக்கழகக் கன்ரீனில் பிளேன்ரீ குடித்துக்கொண்டு சொல்வதற்கு எங்களுக்குத் தகுதி இல்லை. அந்தக் காசும் நிலையானது இல்லை. 2021 பெப்ரவரியில் இராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு பயணிகள் வருவது படுத்துவிட்டது. 2025 மார்ச்சில் மண்டலேயையும் சகாயிங்கையும் பெரும் பூமியதிர்ச்சி உலுக்கியது. வெளிநாட்டுக் கூட்டத்தை மட்டும் நம்பி நிற்கிற ஒரு கலைக்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை வராது.

எங்கட கோபம் வேறு இடத்தில்: பாரம்பரியம் என்ற சொல்லை நாங்களெல்லாம் பாவிக்கிற விதத்தில். பொம்மையின் உயரத்தை அளக்கிறோம், நூலை எண்ணுகிறோம், மரத்தின் பெயரை எழுதுகிறோம் (இந்தக் கட்டுரையிலும் அதைத்தான் செய்தோம்). பிறகு 'காப்பாற்றுவோம்' என்று முடிக்கிறோம். காப்பாற்றிய பிறகு அது யாருக்கு முன்னால் என்ன சொல்லப்போகிறது என்று கேட்பதில்லை. எங்கட தீவின் அம்பலாங்கொடைப் பக்கத்து ரூகட நாட்டியம், அதுவும் 'ரூப' என்ற அதே வேரிலிருந்து வந்த நூல் பொம்மைக் கலை, 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபோது எல்லாரும் பகிர்ந்தார்கள். அந்தப் பொம்மைகள் கடைசியாக யாரை நையாண்டி செய்தன என்று யாராவது எழுதியதை நாங்கள் காணவில்லை. நாங்களும் தேடிப் போய் எழுதவில்லை.

இதற்கு ஒரு மறுப்பு வரும். எல்லாக் கலையும் அரசியல் கதைக்க வேண்டுமா, அழகு போதாதா எண்டு கேட்பீர்கள். போதும். இளவரசி கழுத்தைச் சாய்க்கிற அந்த ஒரு அசைவுக்காகவே நாங்கள் ஒரு பின்னேரத்தைச் செலவழித்தோம், அதில் எந்த அரசியலும் இல்லை. ஆனால் அந்த அழகுகூட அந்த மேடையின் உயரத்திலிருந்து வந்ததுதான். அரசனின் தலைக்கு மேலே நிற்கப்போகிற உரு என்பதால்தான் அவ்வளவு கவனமாகச் செதுக்கினார்கள், அவ்வளவு நுணுக்கமாக ஆட்டினார்கள். விளையாட்டுச் சாமானுக்கு யாரும் இருபது நூல் கட்டமாட்டார்கள்.

ஆகவே எங்கட பக்கத்திலிருந்து இரண்டு சின்ன வேண்டுகோள். ஒன்று, ஒரு மரபுக் கலையைப் பற்றி எழுதுகிற எவரும், நாங்கள் உட்பட, 'எத்தனை பேர் மிஞ்சியிருக்கிறார்கள்' என்று கேட்கிற அதே மூச்சில் 'பார்க்கிறது யார், அவர்களுக்கு மொழி விளங்குமா, ஆடுகிறவர் நினைத்ததைச் சொல்ல முடியுமா' என்றும் கேட்போம். இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால் முதல் கேள்வியின் எண்ணிக்கை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பிரயோசனம் இல்லை.

மற்றது, வாயில்லாதவனைப் 'பொம்மை' எண்டு திட்டுறதை நிப்பாட்டுவம். பர்மியப் பொம்மைக்கு வாய் இருந்தது. அது இரவல் வாய்தான், ஆனால் அரசனுக்கு முன்னால் நின்று ஊரின் கதையைச் சொன்னது. சொந்த வாய் வைத்திருக்கிற நாங்கள் பீட கூட்டத்திலும் வீட்டிலும் எத்தனை இடத்தில் தலையாட்டிவிட்டுப் பேசாமல் வருகிறோம்? அப்படி வருகிறவருக்கு வேறு ஒரு பெயர் தேடுவம். பொம்மையை விட்டுவிடுவம்.